பம்பைக்கு வைத்த கார்

திருத்தணியில் கார் ஆடியோ மாட்டுகிறவனுக்கு இடுப்பு என்று ஒன்று மிஞ்சாது. ஆம்பிளிஃபயரை எல்லாரும் டிக்கியின் கடைக்கோடியில்தான் வைக்கச் சொல்வார்கள். தலையை உள்ளே விட்டு, கால் வெளியே தொங்க, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கிராஸ்ஓவர் குமிழைத் திருகிக்கொண்டு கிடப்பேன். எந்த ஓசை கும்மென்று அதிரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்குப் போக வேண்டும், எது கதவு ஸ்பீக்கருக்கு என்று பிரித்துவிடும் குமிழ் அது. அதைச் சரியாக வைக்க எங்கள் ஊரில் யாரும் என்னை விட்டதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும்போது பம்பை மேளம் கும்மென்று நெஞ்சில் இடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் குமிழை மேலே ஏற்றி ஏற்றியே என் கை பழகிவிட்டது. பாடுகிறவர் என்ன பாடினால் யாருக்குக் கவலை.

போன ஆடி பிறப்பதற்குமுன் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு பெரியவர் மருமகனோடு வந்தார். அவர்கள் வந்த காரும் நான் பம்பைக்கு வைத்துக் கொடுத்ததுதான். பெரியவருக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் கேட்காது என்று, துபாயில் இருக்கும் மகனோடு கார் ஸ்பீக்கர் வழியாகத்தான் பேசுவாராம்.

“ஒரே கும்முகும்முன்னு கீது பா. ஒரு வார்த்தகூட புரியல. மாப்ளதான் கேட்டு சொல்லிகினு கீறாரு,” என்றார். மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து காவடி எடுப்பதாக வேண்டுதல். அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டு வருகிறாராம்.

அவர் டீ குடிக்கப் போனதும் மருமகன் டிக்கிப் பக்கம் வந்து குனிந்தார்.

“ரொம்ப தெளிவா வேணாங்கண்ணா. அவன் வர மாட்டேன்னுதான் சொல்லிகினு கீறான். நான்தான் மாமாகிட்ட வரேன்றான்னு சொல்லி வெச்சிகீறேன்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரவர் வீட்டுப் பொய்க்கும் நானா குமிழ் திருக வேண்டும்? ஊஃபரை எண்பது ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். கதவு ஸ்பீக்கரில் கனத்த ஓசையைக் கொஞ்சம் வெட்டினேன். இனி மனிதக் குரல் ஊஃபரில் போய் மாட்டிக்கொள்ளாது.

பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்து மகனை அழைத்தார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

“இந்த வருசமும் இல்ல நைனா. பாவாகிட்ட எத்தினி வாட்டி சொல்றது? இனிமே நமக்கு இங்கியேதான். நீ காவடிய எடுத்துடு.”

“ஆங்,” என்றார் பெரியவர். “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அந்தப் பாவா, மருமகன்தான், ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடி செய்திருக்கலாம் என்று இருந்தது. பெரியவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“பழையபடியே வெச்சிடு பா.”

டிக்கிக்குள் மறுபடி தலையை விட்டுக் குமிழை ஏற்றினேன். முன்சீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது.

“இப்ப சொல்லுங்க மாப்ள. எப்ப வரேன்றான்?”