மூலையில் கொட்டிய மை

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முந்தி நடந்தது இது. பாளையங்கோட்டையில் உபாத்திமைப் படிப்பு முடித்த கையோடு, ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கர்வத்துக்கும் குறைச்சலில்லை.

பள்ளி நாலு மணிக்கு முடியும். என் வேலை முடியாது. அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் தபால் கார்டும் கையுமாக என் வாசலில் நிற்பார்கள். எழுதிக் கொடுப்பேன், வந்ததைப் படித்துச் சொல்வேன். இதற்கென்று யாரும் என்னை நியமிக்கவில்லை. ஆனால் அதைச் செய்யாத வாத்தியாரை அந்த ஊர் வாத்தியாராகவே மதிக்காது.

ஒரு நாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். தலைப்பிரசவம். தான் சுகமாக இருப்பதாகவும், பிள்ளை பிறந்தபின் லீவு கேட்டுக்கொண்டு நிதானமாக வந்தால் போதுமென்றும் புருஷனுக்கு எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்போது கை பட்டு மைக்கூடு சாய்ந்து, கார்டின் ஒரு மூலை கறுத்துப்போயிற்று. வேறு கார்டு இல்லை. வாரம் இருமுறை வரும் தபால்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மூலையில் கறுப்பு மை தடவி வந்தால் சாவுச் செய்தி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத்து ஒன்றுகூட அழியவில்லையே, படித்தால் தெரிந்துவிடாதா என்று அனுப்பிவிட்டேன்.

அவள் புருஷனுக்குப் படிக்கத் தெரியாது. கறுப்பைப் பார்த்ததுமே, சாவுக் கடிதத்தை வைத்திருக்கக் கூடாதென்று கிழித்துப் போட்டுவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல் தூத்துக்குடிக்குக் கப்பலேறிவிட்டான். வழியிலேயே தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து அலறிக்கொண்டு வந்தான். அவளோ வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையோடு வந்தவனைப் பெண்டாட்டிக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு இரண்டு பேரும் அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது.

விஷயம் வெளியானதும் ஊர் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அவனிடம் போய் நின்றேன்.

"ஒண்ணும் நெனைக்காதிய, வாத்தியாரம்மா. அவ உசுரோட இருக்கா. அது போதும்" என்றான்.

போதாது என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வேலை போயிருந்தது. தவறு முழுக்க என்னுடையது என்று கொழும்பு முதலாளிக்கு நாலு பக்கம் எழுதினேன். பதில் வருவதற்குள் பெண்குழந்தை பிறந்துவிட்டது. வேறு ஆள் வைத்தாயிற்று என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் வயல்கூலிக்குப் போயிருந்தான். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்துச் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மை கொட்டினத நானும் பாத்தேன்மா. நெஞ்சு திக்குனு ஆயிட்டு. இத அனுப்பாதியன்னு சொல்ல வாயெடுத்தேன். படிச்சவிய செய்யுதிய, சரியாத்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

அவன் வேலை போனதைவிட இந்தச் சொல்தான் என்னை அடித்துப்போட்டது. கார்டும் அவளுடையது, புருஷனும் அவளுடையவன். அவன் அதைப் படிக்கமாட்டான், பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும். என் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. எழவிடாதபடிதான் நான் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இன்றைக்கும் எழுதி முடித்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்து, "இது சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு" என்று கேட்கிறேன். எழுத்தறியாதவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்த நேரம் முழுக்க, நான்தான் அவர்கள் முன்னால் மாணவியாக நிற்கிறேன்.