வெறும் மேசைகள்

சண்டையில் முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடிவந்து, துணுக்காய்ப் பக்கம் கொட்டில் போட்டு இருந்த காலத்தில்தான் என் உயர்தரப் பெறுபேறு வந்தது. மருத்துவத்துக்கென்று படித்தவள் நான். இந்த முறைக்குரிய வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்காகும் என்பதால், முந்தின முறை மருத்துவத்துக்கு எடுபட எங்கள் மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியைப் பழைய பேப்பரில் பார்த்துவிட்டு என் புள்ளிகளைக் கூட்டினேன். எட்டவில்லை. கொஞ்சம்தான் குறைவு. குறைவு குறைவுதானே.

இரசாயனம் படிப்பித்த சேர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே முடிவு சொன்னார். “இது காணாது. நீர் சோதனையை இன்னொருக்கா எடும்.”

அப்பா கடல் தொழிலாளி. அப்போது யாருடையவோ வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவருக்கு எதற்கும் பதில் கடலில்தான். “வலை ஒருக்கா வெறுமையா வந்தா தொழிலை விடுறதோ? திருப்பி எடு பிள்ளை.”

அம்மா மட்டும் மறுத்தார். “முதல்ல கம்பசுக்கு விண்ணப்பத்தைப் போடு. கிடைக்காட்டி பிறகு எடு. போடுறதால என்ன குறையப்போகுது?”

எனக்குக் கோபம் வந்தது. விண்ணப்பம் போட்டுக் மருத்துவத்துக்குக் கீழான படிப்பு ஏதும் கிடைத்துவிட்டால், பிறகு மருத்துவத்தை நினைக்கவே ஏலாது என்றொரு கதை எங்களுக்குள் உலாவியது. யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. விசாரிப்பதென்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும், அதற்கு ஆமிக் காவலைத் தாண்டப் பாஸ் எடுக்க வேண்டும். கதையை நம்புவது லேசு. “உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்கோ” என்று அம்மாவின் வாயை அடைத்தேன். பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் புறப்பட்ட மாமி, “விண்ணப்பத்தைத் தாறியோ, போட்டுவிடுறன்” என்று வாசலில் நின்று கேட்டார். “வேண்டாம் மாமி, திருப்பி எடுக்கப்போறன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

எனக்குள் ஒரு வீம்பும் இருந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் என் சிநேகிதி. சோதனைக்கு முந்தின மாதம், ரியூசனுக்குப் போகும் வழியில் கிபிர் விமானம் போட்ட குண்டில் செத்துப்போனாள். சோதனை மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை எனக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது. அது மட்டுமில்லை. இடம்பெயர்ந்தவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள், எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்கள் என்று பாதி மேசைகள் வெறுமைதான். அவள் எடுக்கவிருந்த புள்ளியை நான் எடுத்துக் காட்டவேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை சோதனை வந்தபோது எனக்கு மலேரியா. ஆஸ்பத்திரியில் குளிசைக்குத் தட்டுப்பாடு. இரசாயனத் தாளில் ஒரு கேள்வியை வாசித்து முடிக்குமுன் அதன் முதல் வரி மறந்துபோனது. பாதியில் வெளியே போய்ச் சத்தி எடுத்தேன். திரும்பி வந்து இருந்தபோதே இந்த முறையும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாளில் சேர் வந்தார். முதல் முறைக்குரிய வெட்டுப்புள்ளி இப்போதுதான் வந்திருக்கிறதாம். எங்கள் மாவட்டத்துக்கு நல்லாய் இறங்கிவிட்டதாம்.

“உம்மட பழைய புள்ளி காணும். திகதிக்குள்ள விண்ணப்பம் போட்டிருந்தால் எடுபட்டிருப்பீர்” என்றார், சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு.

மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களுக்கு மாவட்டத்துப் பிள்ளைகள்தான் போட்டி. சோதனைக்கு இருக்கவே ஆளில்லாவிட்டால் வெட்டுப்புள்ளி இறங்கத்தானே செய்யும்! புள்ளி கூட்டத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் அந்த வெறும் மேசைகளைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை. சேருக்கும்தான். அம்மா கஞ்சியை ஆற்றி என் கையில் தந்தார். திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டாம் பெறுபேறு முதலாவதைவிட மோசமாக வந்தது. மூன்றாம் முறை எடுக்க எனக்கு மனமில்லை.

சிநேகிதியின் தாய் அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தார். கேள்விப்பட்டு வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பாயில் இருந்ததும் சொன்னார்.

“அவள் இருந்திருந்தா அவள் போயிருப்பாள். அவள் இல்லாதபடியா நீ போயிருக்கலாம். இப்ப ரெண்டுபேரும் போகேல்லை.”

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவர் அதைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.