பக்கத்து வீட்டு விக்கும் என் மொட்டையும்

பக்கத்து வீட்டு அம்மாள் "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா" என்று ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம், மரியாதைக்கு நாலு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் யூதக் குடும்பம், ஆசாரம் தவறாதவர்கள். நாம் சமைத்ததைத் தொட மாட்டார்கள், முழுப் பழமென்றால் வாங்கிக்கொள்வார்கள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். கையில் வாங்கியவர், இது உங்கள் சாமி முன்னால் வைத்த பழமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெருமையாக ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நாலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரசாதத்தைத் திருப்பிக் கொடுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு சாமிக்கு வைக்கும் முன்பே அவர்களுக்கான பழத்தைத் தனியாக எடுத்து வைக்கப் பழகினேன், முணுமுணுத்துக்கொண்டே.

கேள்விகள் அதோடு நிற்கவில்லை. கொலு பார்க்க வரலாமா, வந்தால் செருப்பைக் கழற்றுவது மரியாதைக்கா வழிபாட்டுக்கா, ஊதுபத்தி வாசனை ஜன்னல் வழியாக வந்தால் முகரலாமா. அவர் தங்கள் குருவான ரபியிடம் கேட்பார். ரபி பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். அது வேலி தாண்டி என் தலையில் வந்து விழும். நான் டேட்டாபேஸ் பார்க்கிற சாதாரண உத்தியோகக்காரி. இந்து மதத்தின் நியூஜெர்சி கிளை அலுவலகம் என்று என் வாசலில் போர்டா மாட்டியிருக்கிறது? ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, முதுகுப் பிடிப்பில் நான் படுத்துக் கிடந்தபோது என் மகளைப் பள்ளியிலிருந்து தினமும் கூட்டி வந்தது அவர்தான்.

இந்த வருஷம் வந்த கேள்விதான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாள் நெருங்கிவிட்டது. கல்யாணமான பெண்கள் தங்கள் முடியை மறைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பலர் அதற்கு விக் வைத்துக்கொள்வார்கள். பெண்ணும் அம்மாவும் கடை கடையாக ஏறி இறங்கி, நிஜ முடியில் செய்த ஒன்றை வாங்கியிருந்தார்கள். இப்போது அவர்கள் சபைப் பெண்களிடையே ஒரு சந்தேகம் கிளம்பியிருந்தது. அந்த முடி இந்தியக் கோயில்களில் மொட்டை போட்டுச் சேர்ந்ததாக இருந்தால்? சாமிக்குக் கொடுத்த காணிக்கை என்றால் வைத்துக்கொள்ளக் கூடாது. விற்கக் கூடாது, தானமும் கொடுக்கக் கூடாது. எரித்துவிட வேண்டும். வெறுமனே மழித்துப் போட்ட முடி என்றால் குற்றமில்லை. விஷயம் தெரிந்தவரிடம் கேட்டு வா என்று ரபி சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்தவர் யார்? நான்தான்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். விசாரிக்க எதுவும் இல்லை என்பது எனக்கே தெரியும். எடிசனுக்கு வருமுன் நாங்கள் காப்பெல் என்ற ஊரில் இருந்தபோது என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடந்தாள். டாக்டர்கள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. பெட்டியின் துளைக்குள் விரலை விட்டபடி, இவளைக் கொடுத்துவிடு, என் முடியைத் தருகிறேன் என்று மலைமேல் இருப்பவனிடம் வேண்டிக்கொண்டேன். அவன் கொடுத்தான். மறு வருஷம் ஊருக்குப் போய், இடுப்புவரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிவந்து ஆபீஸ் போனால், எனக்குப் புற்றுநோய் என்று அவர்களாகவே முடிவு செய்து, ஆளுக்கு ஒரு தட்டு லசான்யா சமைத்துக் கொண்டுவந்து அழுதார்கள்.

வீட்டில் கேட்டேன். கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஜஸ்ட் முடிதான்னு சொல்லிட்டு வா. அவங்க வீட்டுக் கல்யாணத்துல நாம ஏன் பிராப்ளம் பண்ணணும்?"

"நீங்கதானே என்கூட க்யூல நின்னீங்க? அது ஜஸ்ட் முடியா?"

"அப்புறம்? கோயில்லயே ஏலம் விட்டுடறாங்க. நீதான் பெரிசு பண்றே."

யாருக்காக அந்த மொட்டையோ அந்த மகாராணி மாடியிலிருந்து, "இட்ஸ் ஜஸ்ட் ஹேர், அம்மா," என்றாள். கடைசியில் நம் கோயில் குருக்களுக்கு போன் செய்தேன். அவர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, அவங்களுக்கு எந்த பதில் வேணும்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் சாஸ்திரம் இருக்கு."

போனை வைத்துவிட்டேன். ஆளாளுக்கு எனக்கு ஒரு பொய்யைக் கையில் கொடுத்து அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள் என்பதால் ஞாயிறு காலை போனேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு தெர்மகோல் தலை, அதன்மேல் அந்த விக். கல்யாணப் பெண் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"முடி எடுக்கற இடத்துல சிலை இருக்குமா?"

"இல்லை. அது தனிக் கட்டடம்."

"பூசாரி வந்து மந்திரம் சொல்வாரா?"

"இல்லை. எடுக்கறவர் தலையை நனைச்சு, கத்தியால எடுப்பார். அவ்வளவுதான்."

"முடியைச் சாமி முன்னாடி கொண்டுபோய் வைப்பாங்களா?"

"மாட்டாங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் பெண்ணின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அத்தனையும் உண்மை. அங்கேயே காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"நீங்க எடுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை."

"அப்போ உங்க மனசுல என்ன இருந்தது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதைக் கேட்பது என்று ஒரு அளவில்லையா?

"கொடுத்தேன்," என்றேன். "என் குழந்தை பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன், பிழைச்சா. அவனுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்தேன். போதுமா?"

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு அவர், "அந்தப் பொண்ணா?" என்று எங்கள் வீட்டு மாடியைக் காட்டிக் கேட்டார். தலையாட்டினேன். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் விக்கைத் தெர்மகோல் தலையிலிருந்து கழற்றினார்.

உடனே நான் பதறிப்போய் எதிர்க்கட்சி வக்கீலாக மாறினேன். இது எந்த நாட்டு முடியோ யார் கண்டது, சீனாவாக இருக்கலாம், இன்னும் ரபியே முடிவு சொல்லவில்லையே, உங்கள் பெண்ணின் முகத்தைப் பாருங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். நான் எதற்குத்தான் போனேன், எதற்கு வாதாடினேன்?

"உங்களை மாதிரி ஒரு அம்மா கொடுத்ததா இருக்கலாம்," என்றார். "கொடுத்தாச்சுன்னா கொடுத்ததுதான். என் பொண்ணு தலையில எப்படி வைக்கிறது?"

பெண் அழுதாள். ஆனால் அம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "சொல்லிட்டியா? ஓகேவா?" என்றார். பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பை மூட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முடி கருகும் நாற்றம் எங்கள் சமையலறைக்குள் வந்தது. அம்மாவும் பெண்ணும் அடுப்பின் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

என்னோடு மலையேறிய மனிதருக்கு அது ஜஸ்ட் முடி. பிழைத்தவளுக்கும் ஜஸ்ட் முடி. நான் கொடுத்ததைக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டவர், என் சாமியைச் சாமி என்று ஒப்புக்கொள்ளாத அந்த ஒருத்தர்தான். எடுத்துக்கொண்டதாலேயே அதைக் கொளுத்தவும் செய்கிறார். அவர் மேல் கோபப்படுவதா, அவரைக் கும்பிடுவதா? கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த வந்தார். நான் விடவில்லை.