என் குதிரையின் மூச்சு

ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஞாயிறுதோறும் நாங்கள் நாலைந்து பேர் குதிரைப் பந்தயம் பேசுவோம். காசு கட்டுவதில்லை. சீசன் தொடங்கும்போது ஆளுக்கொரு குதிரையைச் சொல்லிவைப்போம். சீசன் முடியும்வரை அது அவனுடைய குதிரை. சென்னையில் ஓட்டம் நின்றுபோனதால் பெங்களூர்ப் பந்தயத்தைப் போனில்தான் பார்க்கிறோம். இனி இந்த ஆட்டமே இருக்காது என்ற புலம்பலும் வாராவாரம் உண்டு.

போன மாதம் என் செவலைக் குதிரை ஜெயித்தது. எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனின் குதிரை கடைசி. அந்த ஞாயிறு நான்தான் ராஜா என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

போனால், எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மகளைக் காலேஜில் சேர்க்கப் பெங்களூர் போனவன், அப்படியே பந்தய மைதானத்துக்கும் போயிருக்கிறான். எங்களில் வேறு யாரும் ஒரு பந்தயக் குதிரையை நேரில் பார்த்ததில்லை.

"ஏலே, ஒன் குதிரை ஜெயிச்சிட்டு வேலியோரமா வந்துச்சு. எம் மூஞ்சிலயே மூச்சு விட்டுச்சு பாத்துக்கோ. அம்புட்டுச் சூடு!"

ஜெயித்தவன் நான். கடைக்காரரோ என் பக்கம் திரும்பாமல் அவனிடமே கேட்டார்: "வாசம் எதுவும் அடிச்சுதா?"

"அடிச்சுது. நனைஞ்ச புல்லு வாசம்."

நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் என் செவலை மறுபடி ஓடியது. ஜெயித்தால் கடையில் மறுபடியும் அவன் மூஞ்சியில் பட்ட மூச்சுதான் பேச்சாக இருக்கும். வீட்டில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"தோத்துத் தொலை, மூதி."