வாசலில் சப்பாத்து

படைவீரர் எழுதிய போர்ப் புத்தகம் நல்லதா என்று சொல்ல எனக்கு ஒரு பக்கம் போதும். சிலாபத்துப் பழைய புத்தகக் கடையில் இன்றும் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் யாரோ கழற்றிவிட்ட ஈரச் சப்பாத்து நாறியது.

சித்தப்பாவின் சப்பாத்து நாற்றம். சண்டை முடிந்து அவர் ஆமியிலிருந்து விலகி வீட்டோடு வந்துவிட்ட மழைக்காலம். அம்மா அதைக் கழுவி வேலியில் கவிழ்த்திருந்தாள். நாங்கள் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டோம்.

"சித்தப்பா, எத்தின பேரைச் சுட்டீங்க?"

அவர் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். "முதல் நாள் ஒரு வீட்டைச் சோதிக்கப் போனோம். சனம் எல்லாம் ஓடிட்டாங்க. நான் பழக்கத்துல வாசல்ல சப்பாத்தைக் கழட்டிட்டேன். எங்க ஆமிப் பெரியவர் ஏசினார். மத்தவங்க சிரிச்சாங்க."

"பிறகு?"

"பிறகு எல்லா வீட்டுக்குள்ளயும் போட்டுக்கிட்டுத்தான் போனேன்."

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வேலிப் பக்கம் போனார்.

அதனால் துவக்கு வெடிக்கும் பக்கங்களை நான் தள்ளிவிடுவேன். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் பக்கத்தைத்தான் தேடுவேன். கால் கூசாமல் நுழைகிறான் என்றால் புத்தகத்தை மூடிவிடுவேன். இன்றைய புத்தகத்தில் ஒருவன் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தொடுகிறான். பிறகு அவிழ்க்காமலே உள்ளே போகிறான்.

"இந்தப் புத்தகத்தைக் கட்டித் தாங்க," என்றேன் கடைக்காரரிடம். "இதை எழுதின ஆள் உண்மையாவே அந்த வீட்டுக்குள்ள போயிருக்கார்."