நானே கேட்டாலும்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் அவருக்கே தெரியாது. மற்றவர்களுக்கு வரும் படபடப்பு, வியர்வை எதுவும் அவருக்கு வராது. பேச்சு குழறும், அப்புறம் ஆள் சாய்ந்துவிடுவார். அதனால்தான் அவர் கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் வில்லையை ஒட்டினோம். அது அளப்பதை அவருடைய செல் வாங்கி என் செல்லுக்கு அனுப்பும்.

அன்று பௌர்ணமி. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? மத்தியானமே கிரிவலம் கிளம்பிவிட்டார். நான் வேங்கிக்காலில் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் செல்லில் பார்த்தபோது சர்க்கரை எண் குறைந்துகொண்டிருந்தது, அம்புக்குறி கீழே பார்த்தது. மறுபடி திறப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டு, நான் யாரென்று உறுதிப்படுத்தச் சொன்னது. ஆறு கட்டங்கள். அதில் போட வேண்டிய எண் அவருடைய செல்லுக்குத்தான் போகும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான் யாரென்று அதற்குச் சொல்ல வேண்டுமாம்.

பௌர்ணமிக் கூட்டத்தில் என் செல்லில் டவரே இல்லை, ஆபீஸ் வைஃபை மட்டும்தான். ஆபீஸ் லேண்ட்லைனில் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒருவழியாக எடுத்தார்.

"ஏங்க, நான்தான். உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க."

"நம்பர்லாம் சொல்ல முடியாதும்மா." நாக்கு தடித்திருந்தது. "வீட்ல சொல்லியிருக்கா."

வைத்துவிட்டார்.

சொன்னவள் நான்தான். போன வருஷம் எவனோ பேங்க் என்று பேசி எண்ணைக் கேட்க, இவரும் நல்ல பிள்ளையாய்ச் சொல்லிவிட்டார். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வீடு அதிரக் கத்தினேன். "இப்பல்லாம் குரலைக்கூட மாத்திப் பேசுறாங்களாம். நானே கேட்டாலும் சொல்லாதீங்க!"

அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. நான் பொட்டலம் கட்டிக் கொடுத்த வெல்லம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை வாயில் போடச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? எண்ணைக் கேட்டேன், பாவி. அந்த ஆறு கட்டங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி மறுபடி போட்டதில் வேறு யாரோ எடுத்தார்.

"அம்மா, இவரு குபேர லிங்கத்தாண்ட உக்காந்துட்டாருங்க. பேச்சு சரியா வரல."

"அண்ணா, சட்டைப்பையில வெல்லம் இருக்கு. வாயில போடுங்கண்ணா."

லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னது அந்த மனிதர் காதில் விழுந்ததா இல்லையா, தெரியவில்லை. ஆட்டோ எதையும் அந்தப் பக்கம் விடவில்லை. கூட்டம் ஒரு பக்கமாகப் போக, நான் எதிரே இடித்துக்கொண்டு ஓடினேன். செல்லை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கட்டங்கள் காலியாகவே இருந்தன.

அன்னதானப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். உதட்டில் வெல்லம் ஒட்டியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம்போலச் சொன்னார்.

"எவளோ ஒருத்தி அப்படியே உன் குரல்ல பேசி நம்பர் கேட்டா. நான் சொல்லல."

பாராட்டுக்குக் காத்திருப்பவர்போல என் முகத்தையே பார்த்தார்.

"நல்லது பண்ணீங்க" என்றேன்.