ரூம் இல்லாத ஹோட்டல்

சோற்றுக்கடை நடத்துபவனுக்கு இரண்டு எசமானர்கள்: பசியோடு வருகிறவர் ஒருவர், கட்டடச் சொந்தக்காரர் மற்றவர். முதலாமவரை எப்படியும் சமாளித்துவிடலாம். குத்தகைக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, வலி ஒன்றுதான்.

பதினான்காம் பிரிவு

கண்டி நகரில் ஒரு பெரிய சுற்றுலா ஹோட்டலின் கீழ்த்தளத்தில், வீதியைப் பார்த்தபடி எங்கள் ஹோட்டல் இருந்தது. வாப்பா தொடங்கியது. நம் பக்கத்தில் சோறும் கொத்து ரொட்டியும் விற்கிற இடத்துக்கே ஹோட்டல் என்றுதான் பெயர். அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வருகிற எவரும் ரெஸ்டூரண்டில் சாப்பிட்டதாகச் சொன்னதை நான் கேட்டதில்லை.

மேலே இருந்த ஹோட்டலையும் கட்டடத்தையும் ஒரு கொழும்புக் கம்பனி வாங்கியது. புதிய ஒப்பந்தம் இங்கிலீசில் வந்தது. பதினான்காம் பிரிவு: குத்தகைக்காரர் இவ்விடத்தில் ஹோட்டல் நடத்தக் கூடாது. நாங்கள் நடத்துவதே அதுதானே என்று கம்பனியின் முகாமையாளரிடம் கேட்டேன். கொழும்புத் தமிழ்ப் பையன், டை கட்டியவர். சிரித்துக்கொண்டே பேனையை நீட்டினார்.

"அங்கிள், ஹோட்டல்னா ரூம் இருக்கணும். உங்கட இடம் ரெஸ்டூரண்ட். பயப்படாம சைன் பண்ணுங்க."

கடிதம்

இரண்டு வருடம் கழித்து, கீழ்த்தளத்தில் தானே ஒரு கோப்பிக் கடை போட வேண்டும் என்று கம்பனிக்கு ஆசை வந்தது. அதே முகாமையாளர் கடிதம் கொண்டுவந்தார். கூடவே எங்கள் பெயர்ப்பலகையின் படம் ஒன்று. மூன்று மொழியிலும் ஹோட்டல் என்று பளிச்சென்று இருந்தது. பதினான்காம் பிரிவை மீறியதால் மூன்று மாதத்தில் வெளியேற வேண்டுமாம். பதினொரு பேர் வேலை செய்கிற இடம். நீங்கள்தானே அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை.

"அது நான் வாயால சொன்னது அங்கிள். நீங்க போர்ட்ல எழுத்துல போட்டிருக்கீங்க."

பெயிண்ட்

எங்கள் சட்டத்தரணி யாழ்ப்பாணத்துப் பெண். முதலில் அந்தச் சொல்லை அழியுங்கள் என்றார். ஹோட்டலை அழித்து ரெஸ்டூரண்ட் என்று எழுதினோம். அடுத்த நாளே பகல் கூட்டம் பாதியானது. ஆட்கள் வாசல்வரை வந்து, மேலே பார்த்து, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, திரும்பிப் போனார்கள். மாதாமாதம் டவுனுக்கு வரும்போது எங்களிடமே சாப்பிடும் தெல்தோட்டைத் தோட்டத்து அம்மா ஒருவர் படியில் தயங்கி நின்றார். சாப்பாடு அதேதான், விலையும் அதேதான் என்று நானே இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"அது சரிங்க மொதலாளி, உள்ள செருப்போட வரலாங்களா?"

கொத்து

பிணக்கு ஒப்பந்தப்படி நடுவர் ஒருவரிடம் போனது. அந்த நாட்களிலும் முகாமையாளர் பகலில் வந்து கோழிக் கொத்து கேட்பார். என்னை வெளியே தள்ளப் பார்க்கிற ஆளுக்கு நானே தட்டு வைத்தேன். அடுப்படியில் கொத்துகிற சத்தம் அவர் வரும்போது மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அங்கிள், கேஸ் முடியிற வரைக்கும் கொத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லத்தானே?"

சாட்சி

பலகையில் என்ன இருந்திருந்தாலும் வருகிறவர்கள் இதை ரெஸ்டூரண்டாகத்தான் நினைக்கிறார்கள் என்பது எங்கள் வாதம். சாட்சிக்கு ஹந்தானையிலிருந்து ராஜேந்திரன் மாஸ்டரைக் கூட்டிவந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், தினமும் பகலுக்கு எங்களிடம்தான். இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: ரெஸ்டூரண்ட், மாஸ்டர், ரெஸ்டூரண்ட். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்னிடம் பாடம் கேட்டார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். இரண்டு முறை பிசகாமல் சொன்னார். பிறகு கம்பனியின் வக்கீல், இந்த வயதில் ஏன் இவ்வளவு சிரமப்பட்டு வந்தீர்கள் என்று மெல்லக் கேட்டார். மாஸ்டரின் குரல் உடைந்தது. "வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்குப் பகல் சோறு இந்த ஹோட்டல்லதாங்க. இந்த ஹோட்டல மூடிட்டா நான் எங்கங்க போவேன்?"

எனக்கு அழுகை வந்தது. எனக்காக இப்படி யாரும் பேசியதில்லை. இதைவிட நன்றாக என்னை யாரும் கவிழ்த்ததும் இல்லை. எங்கள் சட்டத்தரணி கோப்பை மூடினார்.

"நல்ல மனுசன் அண்ணை. கேஸ் முடிஞ்சுது."

காலி செய்த நாள்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பாதி அளவில் ஓர் இடம் கிடைத்தது. பதினொரு பேரில் ஆறு பேருக்குத்தான் அங்கே வேலை இருந்தது. மற்ற ஐந்து பேரிடமும் அதை நானே சொன்னேன். லொறியில் மேசை கதிரை ஏற்றும்போது முகாமையாளர் இறங்கி வந்தார். உண்மையிலேயே முகம் வாடித்தான் இருந்தது. கதிரை ஒன்றுக்குக் கைகூடக் கொடுத்தார்.

"அங்கிள், புது ஹோட்டல் எந்த இடத்துல?"

ஆகவே, என்னைப்போல் குத்தகையில் குந்தியிருக்கும் அன்பர்களே, ஒப்பந்தத்தில் தெரியாத சொல்லைக் கண்டால் சட்டத்தரணியிடம் கேளுங்கள், நன்றாகத் தெரிந்த சொல்லைக் கண்டால் பேனையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.